கெடு தாண்டிய கிரய ஒப்பந்தம்: முன்பணம் போய்விடுமா?

கேள்வி: திருச்சியில் ஒரு பழைய தனி வீட்டை ரூ. 62 லட்சத்துக்கு வாங்க, 2025 பிப்ரவரி 10 அன்று கிரய ஒப்பந்தம் போட்டுப் பதிவும் செய்தோம். முன்பணம் ரூ. 8 லட்சம் வங்கி வழியாகக் கொடுத்தேன். ஜூன் 10-க்குள் நான் கிரயம் முடிக்கத் தவறினால் முன்பணம் போய்விடும், ஒப்பந்தம் தானாக ரத்தாகும் என்று எழுதியிருக்கிறது. வங்கி ரூ. 48 லட்சம் கடன் அனுமதித்தது. வீட்டின் பத்திரம், விற்பவரின் இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது. சிங்கப்பூரில் உள்ள தன் தங்கையின் கையெழுத்து வரவேண்டும், இரண்டு வாரம் பொறுங்கள் என்று வாட்ஸ்அப்பிலேயே இழுத்தடித்தார். கெடு முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. இப்போது ரூ. 5 லட்சம் கூடுதலாகக் கேட்கிறார். தராவிட்டால் ஒப்பந்தம் காலாவதி, முன்பணமும் கிடையாதாம். கடன் அனுமதி அடுத்த மாதம் முடிகிறது. நான் என்ன செய்வது?

பதில்: ஒப்பந்தம் செத்துவிடவில்லை. ஆனால் நீங்கள் இன்னும் சில மாதம் சும்மா இருந்தால் அதைப் பிழைக்க வைப்பது கடினம்.

அசையாச் சொத்து விற்பனையில், எழுதிய தேதி கடந்த உடனே ஒப்பந்தம் முறிந்துபோகும் என்று சட்டம் எடுத்த எடுப்பிலேயே கருதுவதில்லை. சந்த் ராணி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது இது. ஒப்பந்த வாசகம், சொத்தின் தன்மை, இரு தரப்பும் நடந்துகொண்ட விதம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் காலம் எவ்வளவு முக்கியம் என்று நீதிமன்றம் முடிவு செய்யும். உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள ரத்து வாசகம் வாங்குபவர் தவறினால் என்பதற்காக எழுதப்பட்டது. தங்கையின் கையெழுத்தை வாங்கித் தராமல் தாமதித்தவர் விற்பவர். தன் தவறையே காரணமாகக் காட்டி உங்கள் முன்பணத்தை அவர் விழுங்க முடியாது. ஜூன் 10-க்குப் பிறகும் 'பொறுங்கள்' என்று அவரே எழுதியிருக்கிறார். கெடுவைத் தளர்த்தியது அவர்தான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அந்த வாட்ஸ்அப் உரையாடலைப் பத்திரப்படுத்துங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள், செய்தி வந்த போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய பாரதிய சாட்சிய அதிநியம் 63(4) பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று இருந்ததுதான் அது. வழக்குப் போடும் நாளில் போன் கையில் இல்லாமல் திண்டாடுபவர்கள் நிறைய.

இனி கால வரையறை. கெடு தேதி எழுதப்பட்ட ஒப்பந்தத்தில், அந்தத் தேதியிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் (காலவரையறைச் சட்டம், உறுப்பு 54). உங்களுக்கு அது 2028 ஜூன் 10. இதைக் கேட்டதும் பலர் 'இன்னும் நாள் இருக்கிறதே' என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 1997-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு மதுரை வழக்கைப் பாருங்கள். 1978 டிசம்பரில் ஒப்பந்தம், விலை ரூ. 60,000, முன்பணம் ரூ. 5,000, கெடு ஆறு மாதம். வாங்குபவர் 1981 வரை பாக்கியைக் கட்ட முன்வரவில்லை. அதற்குள் நகரத்துச் சொத்து விலை ஏறிவிட்டது. வழக்கு மூன்று ஆண்டுக்குள் போடப்பட்டிருந்தும், கிரயம் செய்துகொடுக்க உத்தரவிட நீதிமன்றம் மறுத்தது. 2011-இல் சாரதாமணி கந்தப்பன் வழக்கிலும் இதே கண்டிப்பு தெரிந்தது. மூன்று ஆண்டு என்பது வழக்குக்கான கடைசி நாளே தவிர, காத்திருப்பதற்கான அனுமதி அல்ல.

கிரயம் செய்துதரக் கேட்டுப் போடும் வழக்கை 'ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு' என்பார்கள். குறித்த பரிகாரச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு, விரும்பினால் தரலாம் என்றிருந்த இந்தப் பரிகாரம், நிபந்தனைகள் நிறைவேறினால் தரவேண்டியது என்று மாறியது. ஆனால் அந்தச் சட்டத்தின் 16(சி) பிரிவில் உள்ள அடிப்படை நிபந்தனை அப்படியேதான் இருக்கிறது. தொடக்கம் முதல் தீர்ப்பு வரை நீங்கள் தயாராகவும் விருப்பத்துடனும் இருந்ததை நிரூபிக்க வேண்டும். தயார் என்றால் பணம் இருந்தது அல்லது புரட்ட வழி இருந்தது. விருப்பம் என்றால் உங்கள் நடத்தை. பணத்தை நீதிமன்றத்தில் கட்டிவிட்டுத்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. நீதிமன்றம் கட்டச் சொன்னால் கட்டினால் போதும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாக்கி ரூ. 54 லட்சம். கடன் 48 லட்சம் போக, கைப்பணம் 6 லட்சம் வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சேர்த்து 62 லட்சத்துக்கு ரூ. 5.58 லட்சம். வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு நிர்ணயித்த மதிப்பு) அதற்கு மேல் இருந்தால் இன்னும் கூடும். வங்கி பொதுவாக இந்தச் செலவுக்குக் கடன் தராது. ஆக ரூ. 11.58 லட்சம் உங்களிடம் இருந்தது, இருக்கிறது என்று வங்கிக் கணக்கறிக்கை, வைப்பு ரசீது, நகைக்கடன் வசதி என எதையாவது காட்ட முடிய வேண்டும். கடன் அனுமதி முடிவதற்குள் வங்கிக்கு எழுத்தில் விண்ணப்பித்து நீட்டிப்பு வாங்குங்கள். பழைய அனுமதிக் கடிதத்தைத் தூக்கி எறியாதீர்கள். இடைவெளி இல்லாமல் கடன் தயாராக இருந்ததற்கு அதுதான் சான்று.

தங்கை விஷயத்துக்கு வருவோம். எனக்கு இதுதான் பெரிய கவலை, ரூ. 5 லட்சம் அல்ல. வீடு அப்பா பெயரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து குடும்பமானால் மகனும் மகளும் சம வாரிசுகள். அம்மா உயிருடன் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் மகன் மட்டும் என்றால், தங்கையை அது கட்டாது. அவர் மறுத்தால் நீதிமன்றம் முழு வீட்டையும் உங்களுக்குத் தர இயலாது. விற்பவரின் பங்கை மட்டும் வாங்கிக்கொள்ளச் சட்டத்தில் வழி உண்டு, ஆனால் அதன் பிறகு பாகப்பிரிவினை வழக்கு நடத்த வேண்டும், இப்படிப் பிரிக்கப்படாத பங்குக்கு வங்கிகள் பொதுவாகக் கடன் தருவதில்லை. எனவே முதலில் வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், உயில் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். தங்கையிடம் நேரடியாகப் பேச முடிந்தால் அவருக்கு விற்கச் சம்மதமா என்று ஒரு மின்னஞ்சல் பெறுங்கள். விற்பவர் தங்கையைச் சாக்காகச் சொல்கிறாரா, உண்மையிலேயே அவர் மறுக்கிறாரா என்பது அதில் தெரிந்துவிடும்.

தங்கை சம்மதித்து, வரமுடியாவிட்டால் பவர் பத்திரம் அனுப்பலாம். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பியதும், இந்தியா வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். இது உண்மையான தாமதம், இதற்கு ஓரிரு மாதம் விட்டுக்கொடுக்கலாம். ஆனால் வாய்வார்த்தையாக விட்டுக்கொடுக்காதீர்கள். பதிவான ஒப்பந்தத்தின் கெடுவை வாய்மொழியாக நீட்டியதை நிரூபிப்பது சிரமம். புதிய தேதியுடன் கால நீட்டிப்பு ஒப்பந்தம் எழுதிப் பதியுங்கள், தங்கையையும் அதில் கையெழுத்திடச் செய்யுங்கள்.

வரியில் ஒரு பொறி இருக்கிறது. சொத்து மதிப்பு ரூ. 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்பதால், விற்பவருக்குத் தரும் ஒவ்வொரு தொகையிலும், முன்பணம் உட்பட, 1 சதவீதம் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். தங்கை வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டுவாசியானால், அவர் பங்குக்கு இந்த 1 சதவீதம் பொருந்தாது, மூலதன ஆதாய வரி விகிதத்தில் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் வரித்துறை உங்களைத்தான் பிடிக்கும். குறைந்த விகிதத்துக்கான சான்றிதழை அவர் வாங்கலாம், ஆனால் அதற்கும் நாள் ஆகும். கெடு வைக்கும்போதே அந்த நாட்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

இப்போது வக்கீல் நோட்டீஸ். இந்த வாரமே போகட்டும். ஒப்பந்த விவரம், கட்டிய தொகை, கடன் அனுமதி, பாக்கி ரூ. 54 லட்சம் தயார் என்ற உறுதி, தாமதம் யாரால் என்பது, கூடுதல் ரூ. 5 லட்சம் ஒப்பந்தத்தில் இல்லை என்பது எல்லாம் இருக்க வேண்டும். கூடவே ஒரு குறிப்பிட்ட நாள், நேரம், எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்று எழுதுங்கள். 15 நாள் அவகாசம் போதும், அசல் ஆவணங்களுடன் வரச் சொல்லுங்கள். ஸ்பீடு போஸ்டில், சேர்ப்புச் சான்றுடன் அனுப்பி, அதே பிரதியை வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். அந்த நாளில் வரைவுக் கிரயப் பத்திரம், கடன் கடிதம், மீதித் தொகைக்கான வங்கி வரைவோலை ஆகியவற்றுடன் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். அவர் வராவிட்டால், வந்து காத்திருந்தேன் என்று அன்றே அவருக்கு எழுதுங்கள்.

நோட்டீஸில் 'கிரயம் செய், அல்லது என் முன்பணத்தைத் திருப்பித் தா' என்று எழுதிவிடாதீர்கள். வீடுதான் வேண்டும் என்றால் நோட்டீஸில் வீட்டை மட்டும் கேளுங்கள். பணம் கேட்டதையே பிடித்துக்கொண்டு 'இவருக்கு வீட்டில் விருப்பமில்லை' என்று எதிர்த்தரப்பு வாதாடும். வழக்குரையில் (நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் மனுவில்) மட்டும் கதை வேறு. அங்கே மாற்றுப் பரிகாரமாக முன்பணத்தையும் வட்டியையும் தவறாமல் கேட்க வேண்டும், கேட்காததை நீதிமன்றம் தராது. முன்பணத்துக்கு அந்தச் சொத்தின் மீது பொறுப்பும் (அடமானம் போன்ற ஒரு பிடி) உண்டு, அதையும் கோருங்கள்.

ஒப்பந்தம் பதிவாகி இருப்பது உங்களுக்குப் பெரிய பலம். வில்லங்கச் சான்றில் அது தெரியும், பிறகு வாங்குபவர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது. (தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம். பதியாத ஒப்பந்தத்தையும் ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னாலும், அதை நம்பிப் பதியாமல் விட வேண்டாம்.) மாதம் ஒருமுறை வில்லங்கம் போட்டுப் பாருங்கள். வேறு ஆளிடம் பேச்சு நடப்பது தெரிந்தால், வழக்குடன் சேர்த்து விற்கத் தடை கேட்கலாம்.

வழக்குச் செலவில் பெரியது நீதிமன்றக் கட்டணம், கிரயத் தொகையில் 3 சதவீதம், உங்களுக்கு ரூ. 1.86 லட்சம். சம்மன் சேர்ந்ததிலிருந்து 12 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அதை நம்பி வாடகை வீட்டைக் காலி செய்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் எண்ணிப் பார்த்தால், தங்கையும் கையெழுத்திட்டு ஒரே மாதத்தில் பதிவு முடியும் என்று உறுதியானால், ரூ. 5 லட்சத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து முடிப்பதை நான் தடுக்கமாட்டேன். அந்தத் தொகை கிரயப் பத்திரத்தில் ஏற வேண்டும், காசோலையாகப் பதிவன்றுதான் போக வேண்டும். சொத்து விற்பனைக்கு ரூ. 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் என்பதை அவருக்கும் சொல்லுங்கள்.

ஒன்று நடக்கக்கூடும். நோட்டீஸ் கிடைத்ததும் சொல்லாமல் கொள்ளாமல் ரூ. 8 லட்சத்தை உங்கள் கணக்கில் போட்டுவிட்டு, ஒப்பந்தம் முடிந்தது என்பார்கள். பேசாமல் இருந்தால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். அன்றோ மறுநாளோ, இதை ஏற்கவில்லை, கிரயமே வேண்டும் என்று எழுதி, அந்தத் தொகையை அதே கணக்குக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.