ஹார்மோன் ஏற்பி ஆய்வு: மகளைச் சேர்க்குமுன் பார்க்க வேண்டியவை

அம்மா, பி.எஸ்சி. பயோடெக்னாலஜி படிக்கும் உங்கள் மகள் உயிருள்ள செல்லில் ஹார்மோன் ஏற்பிகள் (ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள்) நகர்வதை ஆராய ஆசைப்படுகிறாள், "இதற்கு வேலை கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். செல் வளர்ப்பும், லேசரால் செல்லைப் படமெடுக்கும் கான்ஃபோகல் மைக்ராஸ்கோப்பும், பட அளவீடும் கைவந்தவர்களை மருந்து ஆய்வு நிறுவனங்கள் தேடுகின்றன. அந்த மூன்றும் கற்றுத்தரும் ஆய்வகமா என்று பார்த்துச் சேருங்கள்.

வேலை எப்படியிருக்கும் தெரியுமா? கார்டிசால் ஏற்பியோடு பச்சை ஒளிர்புரதத்தை இணைத்து, செல்களை 37 டிகிரியில் வைத்துப் படமெடுப்பார்கள். ஹார்மோன் இல்லாதபோது ஏற்பி பெரும்பாலும் சைட்டோபிளாசத்தில் இருக்கும். கார்டிசால் போலவே வேலை செய்யும் டெக்ஸாமெத்தசோன் மருந்தை 100 நானோமோலார் அளவில் விட்டால் அரை மணி நேரத்துக்குள் பெரும்பகுதி நியூக்ளியசுக்குள் போய்விடும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோ ஹார்மோன் வருமுன்பே பெரும்பாலும் நியூக்ளியசில்தான் இருக்கும். உள்ளே போன கார்டிசால் ஏற்பியும் டிஎன்ஏவில் நிலையாக ஒட்டியிருப்பதில்லை. அது ஒட்டும் இடத்தின் பச்சை ஒளியை லேசரால் அழித்தால், வேறு ஏற்பிகள் வந்து ஒட்டிச் சில நொடிகளிலேயே பச்சை திரும்புகிறது. 2000-இல் வெளியான இந்த முடிவு, ஏற்பி நிலையாக ஒட்டியிருக்கும் என்று அதுவரை இருந்த எண்ணத்தையே மாற்றியது. அழகான துறை, அம்மா!

சோதனை கெடுவது பெரும்பாலும் சீரத்தால். செல் வளர்க்கும் மீடியத்தில் (சத்துத் திரவத்தில்) கலக்கும் சாதாரணக் கன்றுச் சீரத்தில் கார்டிசால் போன்ற ஸ்டீராய்டுகள் உண்டு. அதிலேயே செல்களை விட்டுவைத்தால் மருந்து விடுமுன்பே ஏற்பி உள்ளே போகத் தொடங்கியிருக்கும். அப்புறம் விடுவதன் விளைவு சரியாகத் தெரியாது. முந்தைய நாளே கரியால் ஸ்டீராய்டு நீக்கிய சீரத்துக்கு மாற்ற வேண்டும். ஈஸ்ட்ரோஜன் வேலையென்றால் ஃபீனால் ரெட் சாயம் கலந்த மீடியமும் ஆகாது, அதுவே லேசாக ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும். பளிச்சென்று ஒளிரும் செல்லில் ஏற்பி அளவுக்கு மீறி இருக்கும், அதன் நடத்தை நம்பத்தக்கதல்ல. மங்கலானதையே எடுக்க வேண்டும்.

எம்.எஸ்சி.க்கு ஜாம் (JAM) அல்லது காட்-பி (GAT-B) நுழைவுத் தேர்வு எழுதட்டும். ஜாம் பயோடெக்னாலஜி தாளில் பிளஸ் டூ கணிதமும் இயற்பியலும் வரும். நம் பிள்ளைகள் பலர் தடுக்குவது அங்கேதான். புராஜெக்ட்டுக்கு இடம் பார்க்கும்போது, "கான்ஃபோகலை மாணவர்களே இயக்கலாமா?" என்று நேராகக் கேட்கச் சொல்லுங்கள். பிஎச்.டி.க்கு ஐந்தாறு வருடம் ஆகும். நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வாடகைப்படி தனி.

இப்போதைக்குப் பணம் கட்டி எந்தச் சான்றிதழ் கோர்ஸிலும் சேர்க்காதீர்கள். படங்களை அளக்கும் இமேஜ்ஜே (ImageJ) மென்பொருள் இலவசம், மாதிரிப் படங்களும் அதிலேயே உண்டு. ஒரு செல்லின் நியூக்ளியஸ், சைட்டோபிளாசம் இரண்டின் ஒளியளவிலிருந்தும் பின்னணியைக் கழித்து விகிதம் எடுக்கப் பழகட்டும்.