எண்ணெய் ரயிலின் இலக்கம் எது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தெமட்டகொடையில் ரயில் பாதைக்கு அருகே மாடி வீடொன்றில் குடியிருக்கிறோம். பத்தாம் தரத்தில் படிக்கும் என் மகன், கடந்து செல்லும் எண்ணெய் ரயில்களின் இலக்கங்களைக் கொப்பியில் குறித்து வருகிறான். ஒரு நாள் எண்ணெய் ரயிலில் கண்ட இலக்கத்தையே மறுநாள் பயணிகள் ரயிலிலும் காண்கிறான். நேர அட்டவணையில் தேடினால் அந்த இலக்கமே இல்லை. இதை எப்படி விளங்கிக்கொள்வது?
– ஒரு தாய், கொழும்பு 9

பதில்: உங்கள் மகன் பிழையாக எதையும் குறிக்கவில்லை. அவர் குறித்தது எஞ்சினின் இலக்கம். அட்டவணையில் தேடியது ஓட்டத்தின், அதாவது குறித்த நேரத்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் பயணத்தின் இலக்கம். ஒரு ரயிலில் குறைந்தது மூன்று வகை இலக்கங்கள் உண்டு. எஞ்சினுக்கு ஒன்று, அன்றைய ஓட்டத்துக்கு ஒன்று, ஒவ்வொரு பெட்டிக்கும் எண்ணெய்த் தாங்கிக்கும் தனித்தனியே ஒன்று. இவற்றுள் ஓட்டத்தின் இலக்கம் ரயிலின் மேல் எழுதப்பட்டிருப்பதில்லை. பாதையோரத்தில் நிற்பவர் கண்ணில் படுவது பெரும்பாலும் எஞ்சினின் இலக்கமே.

இந்த வேறுபாட்டைக் காட்ட, துயரமானதாயினும் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஹிக்கடுவைக்கு அருகே பெரேலியவில் ஆழிப்பேரலையில் சிக்கிய மாத்தறை ரயிலின் ஓட்ட இலக்கம் 50. அதை இழுத்துச் சென்ற எஞ்சினின் இலக்கம் 591. அதன் பெயர் ‘மனிடோபா’. அந்த எஞ்சின் பின்னர் திருத்தப்பட்டு மீண்டும் தண்டவாளம் ஏறியது. அதன் பிறகு அது எந்த ரயிலை இழுத்தாலும், எந்த ஊருக்குப் போனாலும் அது 591 தான். 50 என்பதோ அன்று காலை கொழும்பிலிருந்து மாத்தறைக்குப் போன அந்த ஓட்டத்தின் பெயர்.

அந்த 50 போன்ற பழைய சிறிய இலக்கங்களுக்கு முன்னால் இப்போது பாதையைக் குறிக்கும் இலக்கம் சேர்ந்து அவை நான்கு இலக்க எண்களாகியுள்ளன. 77 ஆக இருந்த யாழ்தேவி 4077 ஆனது. பதுளைக்குச் செல்லும் பொடி மெனிக்கே 1005, உடரட்ட மெனிக்கே 1015. முதல் இலக்கம் 1 என்றால் மலையகப் பாதை, 4 என்றால் வடக்குப் பாதை, 6 மட்டக்களப்பு, 7 திருகோணமலை, 8 கரையோரம், 9 களனிப் பள்ளத்தாக்கு. போகும் ரயில் 1005 என்றால் திரும்பி வருவது 1006; அதாவது கொழும்பிலிருந்து போவது ஒற்றை எண், கொழும்புக்கு வருவது இரட்டை எண். ஆனால் கரையோரப் பாதையில் இது தலைகீழாகத் தோன்றும்: கொழும்பிலிருந்து மாத்தறை நோக்கிப் போகும் ரயில்களே அங்கு இரட்டை எண் பெறுகின்றன. கண்டியிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் கொழும்பைக் கடந்து நேரே மாத்தறைக்குச் செல்லும் ரயில்கள் இருப்பதை நினைத்தால் இதன் நியாயம் விளங்கும். கொழும்பை நோக்கி இரட்டை எண்ணுடன் வரும் ரயில், கொழும்பைத் தாண்டியும் அதே திசையில் தொடர்வதாகக் கொள்ளப்படுகிறது என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

எஞ்சின் இலக்கங்களோ, எஞ்சின்கள் நாட்டுக்கு வந்து சேர்ந்த வரிசையை ஒட்டி ஏறிக்கொண்டே போகின்றன. 1954 இல் கனடாவிலிருந்து வந்த எம்2 வகை 569 இல் தொடங்குகிறது. 1975 இல் வந்த எம்4 வகை எழுநூறுகளில் இருக்கிறது. எம்9 வகை எண்ணூறுகளிலும் எம்10 வகை தொளாயிரங்களிலும் உள்ளன. இடையில் காணும் இடைவெளிகளை நிரப்புவனவற்றுள், எஞ்சினும் பெட்டிகளும் ஒரே தொடராக அமைந்த எஸ் வகை ரயில்களும் அடங்கும். ஆகவே மகனின் கொப்பியில் ஒரு பத்திக்குப் பதிலாக ஐந்து பத்திகள் போடச் சொல்லுங்கள்: நேரம், திசை, எஞ்சின் இலக்கம், ஓட்ட இலக்கம், தாங்கிகளின் எண்ணிக்கை. ஓட்ட இலக்கம் தெரியாத இடத்தை வெறுமையாக விடட்டும். ஊகித்து எழுதிய ஓர் இலக்கம் கொப்பி முழுவதன் மீதும் உள்ள நம்பிக்கையைக் கெடுத்துவிடும்.

கேள்வி: பயணிகள் ரயிலுக்கு நேர அட்டவணை இருக்கிறது. சரக்கு ரயில் எப்போது வரும் என்பதை முன்கூட்டியே அறிய வழியுண்டா?
– வாசகர், ராகமை

பதில்: பயணிகளுக்கான அட்டவணையில் அது இருக்காது. சரக்கு ரயில் பயணிகளுக்காக ஓடுவதன்று. சுமை ஆயத்தமானதும், எஞ்சினும் சாரதியும் கிடைத்ததும், பயணிகள் ரயில்களுக்கு இடையே பாதை வெறுமையானதும் அது புறப்படுகிறது. எனவே நேரத்தைத் தேடுவதைவிட, எந்தப் பொருள் எங்கிருந்து எங்கே போகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது பயன் தரும். கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்திலிருந்து அநுராதபுரம், மட்டக்களப்பு, மலையகம் ஆகிய திசைகளுக்கு எரிபொருள் போகிறது; கட்டுநாயக்கவுக்கு விமான எரிபொருள் போகிறது. சீனன்குடா ஆலையிலிருந்து கோதுமை மா ரயிலில் வந்துள்ளது. புத்தளத்துக்கு வடக்கே அருவக்காட்டிலிருந்து சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணாம்புக்கல் போகிறது. ராகமையில் நிற்கும் உங்களுக்கு இது நல்வாய்ப்பு. புத்தளப் பாதை அங்குதான் பிரிகிறது, எனவே கட்டுநாயக்கப் பக்கம் திரும்பும் தாங்கிகளையும் நேரே வடக்கும் மலையகமும் நோக்கிப் போவனவற்றையும் ஒரே மேடையில் நின்று பிரித்தறியலாம்.

சில வாரங்கள் பொறுமையாகக் குறித்து வந்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். நிறைந்த தாங்கி ரயில் மெதுவாகவும் கனத்த ஒலியோடும் போகும். வெறுந்தாங்கிகள் திரும்பும்போது கலகலக்கும். போனது எப்போது என்று தெரிந்தால் திரும்புவது எப்போது என்பதை ஓரளவு கணிக்கலாம். ஒற்றைப் பாதைப் பகுதிகளில் சரக்கு ரயில் ஏதாவதொரு நிலையத்தில் ஒதுங்கி, எதிரே வரும் பயணிகள் ரயிலுக்கு வழி விட வேண்டியிருக்கும். அப்படி ஒதுங்கி நிற்கும் நேரமே இலக்கங்களை நிதானமாக வாசிக்க உகந்த நேரம். றம்புக்கனையில் இன்னொன்றையும் கவனிக்கலாம். அங்கிருந்து தொடங்கும் கடுகண்ணாவை ஏற்றம் 44 அடிக்கு ஓர் அடி என்ற அளவுக்குச் செங்குத்தானது என்பதால், அங்கு பின்னாலிருந்து தள்ளுவதற்கு உதவி எஞ்சின் ஒன்று சேர்க்கப்படுவதுண்டு. அதையும் கொப்பியில் எழுதுங்கள், ஆனால் ரயிலின் எஞ்சினாக அன்று, உதவி எஞ்சினாகத் தனியே எழுதுங்கள்.

கடைசிப் பெட்டியின் வால் விளக்கையும் பார்க்கத் தவறாதீர்கள். நிலைய அதிபர் அதைப் பார்த்தே ரயில் இடையில் அறுபடாமல் முழுமையாக வந்து சேர்ந்தது என்று உறுதி செய்து, பின்னால் வரும் ரயிலுக்குப் பாதையை விடுகிறார்.

கிழக்குப் பாதையில் கணிப்பு எளிதில் பிழைத்துவிடும். 2024 அக்டோபரில் மின்னேரியவுக்கு அருகே எரிபொருள் ரயிலொன்று யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டது. யானைகள் கடக்கும் இடங்களில் ரயில் வேகம் குறைத்துப் போகும்போது அதன் தாமதத்தைக் குறைபாடாக எழுதுவது நியாயமன்று.

மூன்று கோரிக்கைகள். நிலைய மேடையிலோ மேம்பாலத்திலோ நின்று பாருங்கள், தண்டவாளத்தின் ஓரத்தில் அன்று. நிலையத்துக்குள் படம் எடுப்பதற்கு முன் நிலைய அதிபரிடம் அனுமதி கேளுங்கள். எரிபொருள் ரயில் இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பலரும் அறியும்படி உடனுக்குடன் பரப்ப வேண்டாம். கொப்பியில் எழுதுவதால் எந்தத் தீங்குமில்லை.

கேள்வி: என் இளமையில் ‘காங்கேசன்துறை’ என்று பெயர் எழுதிய எஞ்சினைக் கோட்டை ரயில் நிலையத்தில் கண்டதாக நினைவு. பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வெள்ளவத்தை

பதில்: நம்பச் சொல்லுங்கள், ஐயா. கொழும்புத் திட்டம் என்ற, நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தின் கீழ் கனடா வழங்கிய எம்2 எஞ்சின்களுக்கு ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என அந்நாட்டு மாகாணங்களின் பெயர்கள் இடப்பட்டன. அவ்வகையில் பின்னர் வந்தவற்றுள் காங்கேசன்துறை, காலி என நம் ஊர்களின் பெயர் தாங்கியவையும் உண்டு. காங்கேசன்துறையின் சீமெந்துத் தொழிற்சாலையும் அவ்வூருக்கான ரயிலும் 1990 இல் நின்றுபோயின. ரயில் 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறையையும் மீண்டும் அடைந்தது.

கேள்வி: சென்னை சென்றிருந்தபோது சரக்குப் பெட்டிகளில் பதினொரு இலக்கங்கள் எழுதியிருக்கக் கண்டேன். அவ்வளவு நீளம் எதற்கு?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: இந்தியாவில் பெட்டிகள் நாடெங்கும் சுற்றுவதால் இலக்கமே அவற்றின் அடையாள அட்டையாகிறது. முதல் இரண்டு இலக்கங்கள் பெட்டியின் வகை, அடுத்த இரண்டு அதற்கு உரிமையுள்ள ரயில்வே (தென்னக ரயில்வே என்றால் 06), அடுத்த இரண்டு தயாரித்த ஆண்டு, பின்வரும் நான்கு அப்பெட்டிக்குரிய தனி இலக்கம். பதினோராவது இலக்கம் முன்னுள்ள பத்திலிருந்து கணக்கிட்டு வருவது. எழுதுபவர் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினால் கணக்கு ஒத்துவராமல் பிழை வெளிப்பட்டுவிடும். நம் துறைமுகத்திலிருந்து வெளியேறும் கொள்கலன்களில் ஆறு இலக்கங்களுக்குப் பின் கட்டமிட்ட ஓர் இலக்கம் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதற்கும் இதே வேலைதான்.