ஆங்கில வாக்கிய அமைப்பை அடிப்படையிலிருந்து கற்க எங்கே தொடங்குவது?

இலக்கண விதிகள் ஓரளவு தெரிந்தும் சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்க வரவில்லை, எங்கே தொடங்குவது என்பது கேள்வி. பலரும் பன்னிரண்டு காலங்களின் அட்டவணையில்தான் தொடங்குகிறார்கள். அது மனப்பாடத்தோடு நின்றுவிடும். சொல் வரிசையையும், முக்கிய வினைக்குத் துணையாக வரும் 'இஸ்', 'கேன்' போன்ற துணைவினையையும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அந்த அட்டவணை அவ்வளவு பயமுறுத்தாது.

'நாய் பூனையைத் துரத்தியது' என்றாலும் 'பூனையை நாய் துரத்தியது' என்றாலும் தமிழில் பொருள் ஒன்றுதான். துரத்தப்பட்டது எது என்பதை 'ஐ' உருபு காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அப்படி உருபு கிடையாது. நிற்கும் இடம்தான் எல்லாம். 'தி டாக் சேஸ்டு தி கேட்' என்பதில் இரண்டையும் இடம் மாற்றினால் பூனை நாயைத் துரத்தும். எழுவாய், வினை, செயப்படுபொருள், அப்புறம் இடம், கடைசியில் நேரம் என்ற வரிசையில் நூறு வாக்கியம் எழுதிப் பாருங்கள், கை பழகிவிடும்.

எழுவாயை விழுங்கவும் கூடாது. 'வந்தேன்' என்றாலே ஆள் தெரிந்துவிடும். 'கேம்' என்றால் யார் வந்தது என்று தெரியாது. மழை பெய்கிறது என்பதற்குக்கூட 'இட் இஸ் ரெய்னிங்' என்று பொருளே இல்லாத ஓர் 'இட்'டை முன்னால் நிறுத்தியாக வேண்டும். இன்னொன்று: எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்று நாம் 'எனக்கு' போடும் இடங்களில் ஆங்கிலம் 'ஐ' போடுகிறது: 'ஐ நோ', 'ஐ லைக்', 'ஐ ஹேவ் எ பிரதர்'.

அடுத்தது ஆம், இஸ், ஆர், வாஸ், வேர். 'அவள் ஆசிரியர்' என்பது வினையே இல்லாத முழு வாக்கியம். ஆங்கிலத்தில் அது செல்லாது, 'ஷி இஸ் எ டீச்சர்' என்றுதான் வர வேண்டும். இதைத் திருத்தக் கற்ற பிறகு எதிர்ப்பக்கத் தவறு தொடங்கும்: 'ஐ ஆம் அக்ரீ', 'ஐ ஆம் கோ' என்று எல்லா வினைக்கு முன்னும் 'ஆம்' ஒட்டிக்கொள்ளும். 'அக்ரீ' தானே வினை, அதற்கு 'ஆம்' வேண்டாம்.

இனி துணைவினை. அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். 'ஷி இஸ் வொர்க்கிங்' என்பதில் 'இஸ்' துணைவினை. கேள்வி கேட்க அதை எழுவாய்க்கு முன்னால் கொண்டுபோங்கள்: 'இஸ் ஷி வொர்க்கிங்?' மறுக்க அதன் பின்னால் 'நாட்' வையுங்கள்: 'ஷி இஸ் நாட் வொர்க்கிங்.' கேன், வில், ஷுட், துணைவினையாக வரும் ஹேவ் எல்லாவற்றுக்கும் இதே விதி.

சிக்கல் துணைவினை இல்லாத வாக்கியத்தில் வருகிறது. 'ஷி வொர்க்ஸ் ஹியர்' என்பதில் முன்னால் நகர்த்த ஒன்றும் இல்லை. அங்கே ஆங்கிலம் 'டூ'வை வரவழைக்கிறது: 'டஸ் ஷி வொர்க் ஹியர்?' வினையின் கடைசியில் இருந்த 'ஸ்' எங்கே போனது என்று பாருங்கள். அது 'டஸ்'ஸுக்குள் போய்விட்டது. இறந்தகாலத்திலும் இதேதான்: 'வொர்க்டு' என்பதன் காலக்குறி 'டிட்'டுக்குப் போய்விடும், வினை வெறும் 'வொர்க்' ஆகிவிடும். காலத்தை ஒருமுறைதான் காட்டலாம். 'டிட் யூ வென்ட்?', 'ஹி டஸ் நாட் வொர்க்ஸ்' இரண்டும் தவறாவது அதை இருமுறை காட்டுவதால்தான்.

'வொய்', 'வென்' போன்ற வினாச்சொல்லை முன்னால் வைத்ததுமே கேள்வி ஆகிவிட்டது என்று நினைத்து 'வொய் யூ ஆர் லேட்?' என்று கேட்பவர்கள் மிக அதிகம். துணைவினையும் இடம் மாற வேண்டும்: 'வொய் ஆர் யூ லேட்?' ஆனால் அதே கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் அடங்கும்போது பழைய வரிசைக்கே திரும்பும்: 'ஐ டோன்ட் நோ வொய் யூ ஆர் லேட்.' வினாச்சொல்லே எழுவாயாக இருந்தால் 'டூ' வராது: 'ஹூ கால்டு யூ?'

பயிற்சிக்குத் தினமும் ஐந்து வாக்கியம் போதும். துணைவினை இல்லாதவை இரண்டு, 'இஸ், ஆர்' உள்ளது ஒன்று, 'கேன், வில்' வகை ஒன்று, 'வொர்க்கிங்' போன்ற 'இங்' வடிவம் ஒன்று. ஒவ்வொன்றையும் மறுப்பு, ஆம்-இல்லைக் கேள்வி, 'வொய்' கேள்வி என்று மாற்றி வாய்விட்டுச் சொல்லுங்கள். வாய்விட்டு என்பது முக்கியம். எழுதும்போது யோசிக்க நேரம் இருக்கிறது, பேச்சில் இல்லை.

'இங்' பற்றி ஓர் எச்சரிக்கை. நம் 'நடக்கிறேன்' இப்போது நடப்பதையும் தினமும் நடப்பதையும் சேர்த்தே சொல்லும். ஆங்கிலத்தில் வழக்கத்துக்கு 'ஐ வாக் எவ்ரி டே', இப்போதைக்கு 'ஐ ஆம் வாக்கிங்'. தெரிதல், புரிதல், சொந்தமாக வைத்திருத்தல் போன்ற நிலைகளுக்கு 'இங்' பொதுவாக ஒட்டாது. 'ஐ ஆம் ஹேவிங் எ கார்' தவறு, 'ஐ ஹேவ் எ கார்' சரி.

பெயர்ச்சொல்லுக்கு முன் நிற்கும் 'எ', 'ஆன்' எழுத்தைப் பார்த்து வருவதல்ல, ஒலியைப் பார்த்து வருவது: 'ஆன் அவர்' (hour, 'எச்' ஒலிக்காது), 'எ யூனிவர்சிட்டி' (university, 'யூ' என்றே ஒலிக்கும்). 'தி' முழுவதும் பிடிபட வருடங்கள் ஆகும், அதற்காகப் பேசாமல் காத்திருக்க வேண்டாம். அது விட்டுப்போனாலும் பெரும்பாலும் பொருள் புரியும்.

எதிர்மறைக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது மட்டும் பொருளே புரண்டுவிடும். 'நீ வரலையா?' என்றால் 'ஆமா, வரலை' என்போம். 'டிட்ன்ட் யூ கம்?' என்று கேட்டால் வராதவர் சொல்ல வேண்டியது 'நோ, ஐ டிட்ன்ட்'. வந்திருந்தால் 'யெஸ், ஐ டிட்'. கேள்வி எந்த வடிவில் இருந்தாலும் நடந்திருந்தால் 'யெஸ்', நடக்காவிட்டால் 'நோ'.