இரண்டு பின்களைச் சேர்த்தால் ஐசி ஏன் சுடுகிறது?

கேள்வி: துடிப்பு தரும் 555, அந்தத் துடிப்பை எண்ணிப் பத்து வெளியீடுகளை ஒவ்வொன்றாக இயக்கும் 4017 ஆகிய ஐசிகளை வைத்து ஓடும் விளக்கு செய்தேன். கோடிவரை போய் அதே வழியில் திரும்பி வரவேண்டும் என்று 6 எல்இடி மட்டும் வைத்து, நடுவில் உள்ள நான்குக்கும் 4017-ன் பின்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பற்றவைத்தேன். ஓரத்து இரண்டும் பளிச்சென்று எரிகின்றன. நடுவில் உள்ளவை மங்கல். ஐசியும் சுடுகிறது. 9 வோல்ட் பேட்டரிதான் போட்டிருக்கிறேன்.

பதில்: யோசனை சரி, இணைப்புதான் தப்பு. 4017-ல் எப்போதும் ஒரே ஒரு வெளியீடுதான் 9 வோல்ட்டில் நிற்கும். மற்ற ஒன்பதும் சும்மா இருப்பதில்லை. கிரவுண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டை நேராகச் சேர்த்தால் ஒன்று மேலே தள்ள, மற்றது கீழே இழுக்கும். எல்இடிக்குப் போகவேண்டிய மின்சாரம் ஐசிக்குள்ளேயே சூடாகிப் போகிறது.

ஒவ்வொரு வெளியீட்டிலும், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4148 டயோடு ஒன்று போடுங்கள். கோடு போட்ட முனை எல்இடி பக்கம் இருக்கட்டும். முதல் எல்இடிக்கு 3-ம் பின். இரண்டாவதற்கு 2, 11. மூன்றாவதற்கு 4, 9. நான்காவதற்கு 7, 6. ஐந்தாவதற்கு 10, 5. கடைசிக்கு 1-ம் பின். ஓரத்து இரண்டுக்கும் ஒரே வெளியீடுதானே, டயோடு எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். டயோடு சுமார் 0.7 வோல்ட்டைத் தின்னும். அது இல்லாத எல்இடி மட்டும் தனியாகப் பளிச்சிடும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் எரிவதால் ஆறுக்கும் சேர்த்து கிரவுண்ட் பக்கம் ஒரே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போதும்.

4017-ன் 13, 15-ம் பின்கள் கட்டாயம் கிரவுண்டில் இருக்கவேண்டும். அந்தரத்தில் தொங்கவிட்டால் கையைக் கிட்டே கொண்டுபோனாலே வரிசை குழம்பும். 555-ல் 10 கிலோ ஓம், அடுத்து 4.7 கிலோ ஓமோடு தொடராக 100 கிலோ ஓம் பிரீசெட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்), 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் வினாடிக்குச் சுமார் 7 முதல் 74 துடிப்பு கிடைக்கும். போய்வர 10 துடிப்பு ஆகும்.

அந்த 10 தற்செயலல்ல. ஓரத்து விளக்குகள் ஒரு சுற்றில் ஒருமுறைதான் எரியவேண்டும் என்பதால், எல்இடி எண்ணிக்கையை இரட்டித்து 2-ஐக் கழித்தால் வருவதே படிகளின் எண்ணிக்கை. ஆறுக்குப் பத்து, ஒன்பதுக்குப் பதினாறு.

ஒன்பது வேண்டுமானால் பலர் ஏறி இறங்கும் கவுன்ட்டரைத் தேடுவார்கள். எனக்கு அதில் பிரியமில்லை. ஓரத்து வெளியீட்டைக் கொண்டு திசை மாற்றும்போது, எண்ணுக்கேற்ற வெளியீட்டைத் தேர்ந்தெடுக்கும் டீகோடரில் நொடிப்பொழுது தோன்றும் பொய்த் துடிப்பால் விளக்கு நடுவழியிலேயே திரும்பிவிடலாம். எண்ணிக்கை திரும்பவே வேண்டாம். கண்ணுக்குத் திரும்பினால் போதும். 74எச்சி161 கவுன்ட்டரும் 74எச்சி154 டீகோடரும் 16 படி தரும். 154-ன் வெளியீடு கீழ்நிலையில்தான் இயங்கும். அதனால் டயோடும் எல்இடியும் தலைகீழ். ரெசிஸ்டர் 470 ஓம், பாசிட்டிவ் பக்கம். 555 உட்பட எல்லாவற்றுக்கும் 5 வோல்ட் மட்டும். இப்போதுள்ள 9 வோல்ட் பேட்டரியை நேராகக் கொடுத்தால் இந்த இரண்டு ஐசியும் போய்விடும்.