கலிஃபோர்னியா கரைல பாத்த ஆரஞ்சு-நீல கடல் நத்தை: வீட்டு தொட்டிக்கு கொண்டு வரலாமா?

கேள்வி: மான்டரே பக்கம் பாறைக்குழில விரல் நீளத்துல ஒண்ணு பாத்தோம், முதுகுல ஆரஞ்சு பட்டை, ஓரத்துல மின்னுற நீல கோடு. பொண்ணு வீட்டு மீன் தொட்டில வளக்கணும்னு அடம் பிடிக்கறா. வளக்கலாமா, தொட்டா கொட்டுமா?

தயவுசெஞ்சு எடுத்துட்டு வராதீங்க. நீங்க சொல்ற அடையாளத்துக்கு அது ஹெர்மிசெண்டா, நூடிபிராங்க் வகை, அதாவது வளந்தப்புறம் ஓடே இல்லாத கடல் நத்தை. அந்த கரைல தண்ணி பெரும்பாலும் 10-லேர்ந்து 15 டிகிரி தான், உங்க தொட்டி 25-க்கு மேல இருக்கும், அதுலயே முடிஞ்சுது. சரி தண்ணிய குளிர வைக்கற சில்லர் மெஷின் வாங்கி வெச்சுடலாம்னாலும் சாப்பாட்டுக்கு எங்க போவீங்க? அது முக்கியமா திங்கறது ஹைட்ராய்டு, பாறைல குட்டி செடியாட்டம் ஒட்டிட்டு இருக்கும் ஆனா ஜெல்லி மீனோட சொந்தக்கார பிராணி, மீனுக்கு போடற தீனி அதுக்கு ஈடாகாது. ரெண்டா கொண்டு வந்தா துணையா இருக்கும்னும் நினைக்காதீங்க, எதிரெதிரா வந்தா பல சமயம் கடிச்சுக்கும், ஒண்ண ஒண்ணு தின்னுடவும் செய்யும். எப்படி பாத்தாலும் அதோட மொத்த ஆயுசே சில மாசம் தான், அதை அங்கயே வாழட்டும்னு விடறது நியாயம். தவிர அந்த கலிஃபோர்னியா கரைல இருக்கற ஃபிட்ஸ்ஜெரால்ட் மரைன் ரிசர்வ் மாதிரி பாதுகாக்கப்பட்ட இடத்துல எதையுமே எடுக்க கூடாது, சிப்பி ஓடு கூட.

கொட்டுமான்னு கேட்டீங்க, இது தான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். ஹைட்ராய்டோட உடம்புல கொட்டுற செல் இருக்கும்ல, இது அதை தின்னுட்டு அந்த செல்கள்ல கொஞ்சத்தை வெடிக்காம பத்திரமா கடத்தி முதுகுல விரல் விரலா நிக்குதே, அதோட நுனில சேத்து வெச்சுக்கும், அப்புறம் மீன் கடிக்க வந்தா அதே ஆயுதம் மீன் வாய்லயே வெடிக்கும்! பளிச்சுனு கலர் இருக்கறதே கிட்ட வராதன்னு சொல்ல தான்னு நினைக்கறாங்க. மனுஷ கைக்கு பொதுவா பெருசா ஒண்ணும் ஆகாது, ஆனா நீங்க பிடிச்சா அந்த மெல்லிசு விரல்லாம் பிஞ்சிடும், அதனால தொடாம பாக்க சொல்லுங்க.

பொண்ணு ஆசைக்கு திரும்ப கூட்டிட்டு போங்க, டைட் சார்ட்ல, அதாவது கடல் ஏத்த வத்த அட்டவணைல, மைனஸ் போட்ட நாளா பாத்து, அன்னிக்கு தண்ணி வழக்கத்தை விட கீழ இறங்கும். அங்க குளிர்காலத்துல அந்த வத்தம் மத்தியானத்துக்கு மேல வரும், வசந்தம் கோடைல விடிகாலைல. தண்ணி வத்தறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போயிடுங்க, கடலுக்கு மட்டும் முதுகு காட்டாதீங்க. தண்ணி இல்லாத பாறைல கலர் சளி உருண்டையா தெரிஞ்சா மிதிச்சிடாதீங்க, அதுவும் இதுவா இருக்கலாம். போட்டோ எடுத்தா முதுகு விரல்கள க்ளோஸ்-அப்ல எடுங்க, ஏன்னா 2016-ல இந்த ஒரு இனத்தை மூணா பிரிச்சிட்டாங்க, விரல் நீளத்துக்கு வெள்ளை கோடு ஓடினா அது க்ராசிகார்னிஸ், கோடு இல்லாம நுனி மட்டும் வெள்ளைனா ஒபலெசென்ஸ், மூணாவது ஜப்பான் பக்கம் இருக்கறது.