எந்த டெஸ்க்டாப் போடலாம்? லினக்ஸ் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் போட்டால் பறக்கும் என்கிறார்கள், உண்மையா?

பதில்: பாதி உண்மை தம்பி. எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி, க்னோம் எல்லாமே லினக்ஸில் மெனு, பேனல், ஜன்னல்களைக் காட்டும் டெஸ்க்டாப்கள். முதல் இரண்டும் க்னோமை விடக் குறைவாகத்தான் ராம் எடுக்கும், ஆனால் பிரவுசரில் நாலு டேப் திறந்தாலே மிச்சம் பிடித்ததை அது விழுங்கிவிடும். உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க் என்றால் முதலில் அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி மாட்டு, டெஸ்க்டாப்பை அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: சார், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது. அப்பாவின் கணினியில் லினக்ஸ் போடணும். க்னோமா, கேடிஈயா?

பதில்: இரண்டும் வேண்டாம், லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டோடு வரும் சினமன் டெஸ்க்டாப் போதும். கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு, அப்பாவின் கை தானாக அங்கே போகும். 2011-ல் வந்த க்னோம் 3 டாஸ்க்பாரையும் மினிமைஸ் பட்டனையும் எடுத்துவிட்டது, அது பிடிக்காதவர்கள் கிளம்பியதில் பிறந்தவைதான் மாட்டேயும் சினமனும். கேடிஈயின் டெஸ்க்டாப்பான பிளாஸ்மாவும் பார்க்க விண்டோஸ் மாதிரிதான், ஆனால் எதைத் தொட்டாலும் மாற்றலாம் என்பதால் பேனலையே (அந்தக் கீழ்ப் பட்டையை) தொலைத்துவிடவும் முடியும், நீங்கள் வெளியூரில் இருந்தால் அதைப் போனில் சரிசெய்யும் பாடு உங்களுடையது.

கேள்வி: உபுண்டு லினக்ஸில் க்னோம் இருக்கிறது. பிளாஸ்மாவை ருசி பார்க்கக் குபுண்டுவை (பிளாஸ்மாவோடு வரும் உபுண்டு) புதிதாக நிறுவணுமா?

பதில்: வேண்டாம். பிளாஸ்மா பேக்கேஜை நிறுவிவிட்டு, லாகின் திரையில் உங்கள் பெயரைத் தொட்டதும் மூலையில் வரும் பல்சக்கரத்தில் தேர்ந்தெடுங்கள். இதற்கென்று தனி யூசர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டின் தீமும் ஐகானும் ஒன்றோடொன்று கலந்துபோகும்.

கேள்வி: பிளாஸ்மாவில் வேலாண்டுக்கு (திரையில் ஜன்னல்களைக் காட்டும் புதிய முறை) மாறியதும் தமிழ்99 கீபோர்டு வேலை செய்யவில்லை!

பதில்: தமிழில் தட்டச்ச உதவும் எஃப்சிடிக்ஸ் 5, அதில் தமிழ்99 போன்ற அமைப்புகளைத் தரும் எம்17என் இரண்டும் நிறுவியிருக்கிறதா பாருங்கள். அப்புறம் சிஸ்டம் செட்டிங்ஸில் விர்ச்சுவல் கீபோர்டு என்ற பக்கத்தில் எஃப்சிடிக்ஸைத் தேர்ந்தெடுக்கணும், அந்தப் பெயரைப் பார்த்து யாருக்குமே அங்கே போகத் தோன்றாது. க்னோமில் இதே வேலையைச் செய்யும் ஐபஸ் உள்ளேயே சேர்ந்திருப்பதால் இந்தத் தலைவலி குறைவு. நாள் முழுக்கத் தமிழில் எழுதுபவருக்கு நான் க்னோமைச் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: லினக்ஸ் அல்லாத இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் எந்த டெஸ்க்டாப்?

பதில்: எக்ஸ்எஃப்சிஇ. க்னோம் அங்கேயும் கிடைக்கும், ஆனால் அது லினக்ஸுக்கே உரிய சிஸ்டம்டியை (கணினியைத் துவக்கிச் சேவைகளை நடத்தும் நிரல்) மேலும் மேலும் நம்பிக்கொண்டு போகிறது, அங்கே ஓட வைக்க ஒட்டுப்போட்டுக்கொண்டே இருக்கணும்.