கடற்காற்றில் துருவேறிய பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி: எதைச் செய்யலாம், எதை விட்டுவிட வேண்டும்?

கேள்வி: சென்னை இராயபுரத்தில் வசிக்கிறேன். காலமான என் தந்தையின் 12 போர் (குழல் அளவு) வின்செஸ்டர் மாடல் 12 துப்பாக்கி, வாரிசு என்ற முறையில் நான் உரிமம் பெற்றபின் என் கைக்கு வந்திருக்கிறது. நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்ததால் குழல் முழுவதும் செந்துரு படர்ந்துள்ளது. தோட்டா ஏற்ற முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளும் முன்கட்டை பாதி வழியில் இறுகி நிற்கிறது. பொழுதுபோக்காக நானே இதைச் சீர்படுத்த விரும்புகிறேன். மண்ணடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர், பஃபிங் போட்டு (சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றி), ப்ளூயிங் செய்து (கருநீலக் காப்புப் படலம் ஏற்றி) புதிதுபோல் ஆக்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் நண்பர் எவ்வளவு தேர்ந்த கைவினைஞராக இருந்தாலும், ஆயுதச் சட்டம், 1959இன்படி உரிமம் பெறாத ஒருவர் துப்பாக்கியை வாங்கி வைத்திருப்பதும் பழுதுபார்ப்பதும் குற்றம். துருவேறி இயங்காமல் கிடப்பதால் அது வெறும் இரும்பாகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். பழுதுபார்த்தாலும் இனிச் சுட முடியாது என்ற நிலையில் உள்ள பழம்பொருளுக்கோ பழுதான ஆயுதத்துக்கோதான் சட்டத்தின் 45ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. உங்களுடையது அந்த வகையில் சேராது.

பஃபிங் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாடல் 12இல் வரிசை எண், ரிசீவரின் (சுடும் பொறிமுறை அமைந்த நடுப்பகுதி) அடிப்பகுதியில் முன்பக்கமும், அதையொட்டிய குழல் நீட்சியிலும் என இரண்டு இடங்களில் பொறிக்கப்பட்டிருக்கும். சுழலும் பஃப் சக்கரம் துருவோடு சேர்த்து அந்த எழுத்துகளின் விளிம்பையும் தேய்த்துவிடும். துப்பாக்கியின் அடையாளக் குறியை அழிப்பதோ மாற்றுவதோ 8ஆவது பிரிவின்கீழ்த் தடை செய்யப்பட்டது. அழகுபடுத்தும்போது அழிந்துவிட்டது என்று பிறகு விளக்கிக்கொண்டிருக்கும் நிலைக்கு நீங்கள் ஆளாகக் கூடாது. தவிர, 1912 முதல் 1964 வரை தொழிற்சாலையிலிருந்து வந்த இந்தத் துப்பாக்கியின் கூர்மையான விளிம்புகள் ஒருமுறை மழுங்கினால் மீண்டும் வரா. துருவை நிறுத்துவதுதான் உங்கள் வேலை; புதிதாக்குவது அல்ல.

எதையும் தொடுமுன், உள்ளே தோட்டா இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையை மட்டும் பார்த்தால் போதாது. குழலுக்கு அடியில் தோட்டாக்களை வரிசையாக வைக்கும் மேகசின் குழாயில் சிக்கிய தோட்டா ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கக்கூடும். முன்கட்டை இறுகியிருப்பதால் இரண்டையும் தெளிவாகக் கண்ணால் பார்க்க முடியவில்லை என்றால், உரிமம் பெற்ற துப்பாக்கி விற்பனையாளரிடம் கொண்டு போய் அங்கேயே திறந்து பாருங்கள். மாடல் 12க்கு ஒரு தனிக் குணம் உண்டு: விசையை அழுத்திப் பிடித்தபடி முன்கட்டையை முன்னே தள்ளினால், பூட்டிக்கொண்ட கணமே வெடிக்கும். ஆகவே இறுகிய முன்கட்டையை இழுத்துத் தள்ளிப் பார்க்கும்போது விரல் விசையருகே போகவே கூடாது.

இறுகியதற்குக் காரணம் பெரும்பாலும் துருவைவிட எண்ணெய்தான். வீட்டிலிருக்கும் நல்லெண்ணெயைப் போட்டிருந்தால், அது காலப்போக்கில் காய்ந்து பிசினாகி, நகரும் பாகங்களை ஒட்டிவிடும். தோட்டா இல்லை என்று உறுதியானபின் மண்ணெண்ணெயைச் சொட்டுச்சொட்டாக விட்டு ஓரிரு நாள் ஊறவிடுங்கள், சுத்தியலை எடுக்காதீர்கள். திருகாணிகளில்தான் பலரும் கெடுக்கிறார்கள். சாதாரண ஸ்க்ரூடிரைவரின் முனை ஆப்புபோல் சரிந்திருக்கும். பழைய துப்பாக்கித் திருகாணியின் காடியோ (முனை நுழையும் பிளவு) ஒடுங்கலாக, நேர்ச்சுவர்களோடு இருக்கும். ஆதலால் முனை மேலேறி வழுக்கிக் காடியைக் கிழித்துவிடும். பிராட்வேயில் நல்ல எஃகு ஸ்க்ரூடிரைவர் ஒன்றை வாங்கி, காடியின் அகலத்துக்கும் ஆழத்துக்கும் பொருந்தும்படி முனையை இணையாக அராவிக்கொள்ளுங்கள். முனை காடியில் ஆடாமல் உட்கார வேண்டும்.

இனி குழல். கடலோரத் துருவை வெறும் எண்ணெயும் எமரித் தாளும் கொண்டு தேய்ப்பவர்கள், அடுத்த மழைக்காலத்திலேயே அதே இடத்தில் செந்துருவைப் பார்க்கிறார்கள். துருவின் குழிகளுக்குள் உப்பு தங்கியிருப்பதே காரணம். காசிமேட்டுக் கடற்காற்று கொண்டுவரும் உப்பு ஒருபுறம்; குழலின் உட்புறத்திலோ, பழைய தோட்டாக்களின் பொட்டாசியம் குளோரேட் கலந்த பிரைமர் (தோட்டாவின் அடியிலுள்ள பற்றவைப்பான்) வெடித்தபின் விட்டுச்சென்ற பொட்டாசியம் குளோரைடு இருக்கக்கூடும். இவை எண்ணெயில் கரையா, தண்ணீரில்தான் கரையும். எனவே இரும்பைக் காப்பாற்ற முதலில் தேவைப்படுவது கொதிக்கும் தண்ணீர். இதை நம்பப் பலருக்கு மனம் வராது, ஆனால் இதைவிடச் சிறந்த வழியை நான் கண்டதில்லை.

முன்கட்டையையும் மேகசின் குழாயையும் கழற்றியபின், எண்ணெய்ப் பசை சிறிதுமின்றித் துடைத்த வெற்றுக் குழலை, நீளமான எஃகுத் தொட்டியில் முழுக வைத்து அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். போர்வெல் தண்ணீர் வேண்டாம். நம் பகுதியில் அது உவர்ப்பு. பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரே சரி. கொதிக்கக் கொதிக்கச் செந்துரு கருந்துருவாக, அதாவது மேக்னடைட்டாக மாறும். வெளியே எடுத்தால் குழலின்மேல் கறுப்பு வெல்வெட்டைப் போர்த்தியதுபோல் ஒரு பொடி படிந்திருக்கும். எண்ணெய் நீக்கிய மிக மெல்லிய ஸ்டீல் வூலால் (எஃகு நார்) அதை மென்மையாகத் துடைத்தால், அடியில் ஆழ்ந்த கருநீலம் தென்படும். எங்காவது சிவப்பு மிஞ்சியிருந்தால் மறுபடி கொதிக்கவிடுங்கள். இந்த முறையில் எஞ்சியுள்ள பழைய ப்ளூயிங் கெடாது, எழுத்துகள் தேயா. குழிகள் இருக்கத்தான் செய்யும், இருக்கட்டும். சூடு ஆறுமுன் உள்ளும் புறமும் உலர்த்தி எண்ணெயிட்டுவிட வேண்டும்.

மரக்கட்டையில் உள்ள பள்ளங்களை ஈரத்துணி வைத்து இஸ்திரிப்பெட்டியால் ஆவி கொடுத்து எழுப்பலாம். உலோகத்தைத் தொடும் ஓரங்களில் மட்டும் உப்புத்தாள் படக் கூடாது. பட்டால் மரம் இரும்புக்குக் கீழே தாழ்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவைத்து, பிறகு தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள். சுருட்டி வைத்த துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். சென்னை வெயிலில் அது இன்னும் எளிது.

இத்தோடு உங்கள் வேலை முடிகிறது. துருவெடுத்தல், எண்ணெயிடுதல், கட்டையைப் பேணுதல் ஆகியவற்றை உரிமையாளரின் பராமரிப்பு என்று நான் கொள்கிறேன். ஸ்பிரிங் மாற்றுவது, குழல் ரிசீவரோடு சேரும் இடத்தில் உள்ள ஆட்டத்தைச் சரிசெய்வது, விசைப் பகுதியில் கைவைப்பது ஆகியவை எல்லாம் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவருக்கு உரியவை. குழலின் வாய்ப்பகுதி அரித்திருக்கிறதென்று அதை வெட்டிக் குறைக்கவும் கூடாது. உரிமமின்றி அதைச் செய்வதை 6ஆவது பிரிவு தடுக்கிறது. குழிகளின் ஆழத்தை அவர் அளந்து பார்த்துச் சொல்லும்வரை ஒரு தோட்டாவும் சுடாதீர்கள். அப்பா வைத்திருந்த பழைய தோட்டாக்கள் மிச்சமிருந்தால், அவற்றையும் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.

வைக்கும் இடம்: ரெக்ஸின் உறையிலோ ஸ்பாஞ்ச் பதித்த பெட்டியிலோ வேண்டாம், அவை ஈரத்தைப் பிடித்துவைக்கும். பூட்டிய இரும்பு அலமாரியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு, குழல்வாய் கீழ்நோக்கியிருக்கும்படி நிறுத்தினால், எண்ணெய் வடிந்து கட்டையில் ஊறாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மட்டும் வாரம் ஒருமுறை எடுத்து, கைரேகை பட்ட இடங்களை எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள்.